பள்ளத்திலிருந்து வந்த மெத்தை

அன்பு மகனுக்கு,

விழுப்புரத்தில் நீ திறக்கவிருக்கும் இரண்டாவது கிளையின் அழைப்பிதழ் கிடைத்தது. நல்ல காகிதம். பழைய நோட்டுப் புத்தகங்களைக் கூழாக்கிச் செய்தது என்று பின்பக்கத்தில் சிறிய எழுத்தில் குறிப்பிட்டிருக்கிறாய். முன்பக்கத்தில் ஒரு பச்சை இலை. அதன் கீழே, ஒரு வீட்டின் முடிவு இன்னொரு வீட்டின் தொடக்கம் என்ற வாசகம். அதற்கும் கீழே, ரிப்பன் வெட்டித் திறந்து வைப்பவர் என்று என் பெயர், என் பட்டங்களோடு. என்னைக் கேட்காமலே அச்சிட்டிருக்கிறாய். அப்பா மறுக்கவா போகிறார் என்று நினைத்திருப்பாய். ஒரு மாதத்துக்கு முன்பாக இருந்தால் நான் மறுத்திருக்க மாட்டேன். அன்று காலையிலேயே வந்து நின்று, நீ கொடுக்கும் கத்தரிக்கோலை வாங்கி, வெட்டிவிட்டு, புகைப்படத்துக்கும் சிரித்திருப்பேன்.

நான் சத்தம் போடுகிறவன் இல்லை என்பது உனக்குத் தெரியும். முப்பது ஆண்டுகளாக வேதியியல் கற்பித்ததில் ஒரு நாளும் வகுப்பில் குரலை உயர்த்தியதில்லை. கோபம் வந்தால் உங்கள் அப்பாவுக்குக் கையெழுத்து அழகாகிவிடும் என்று உன் அம்மா சொல்வாள். இந்தக் கடிதத்தின் கையெழுத்தைப் பார்த்துக்கொள். இதன் பிரதி ஒன்றை நான் அவ்வப்போது எழுதும் ஆசிரியர் இதழுக்கும் கொடுக்கப் போகிறேன். அதில் உன் பெயர் இருக்காது, என் பெயரும் இருக்காது, உன் நிறுவனத்தின் பெயரும் இருக்காது. ஆனால் அது அச்சாகிற நாளுக்குள் உன் அத்தைக்கு உண்மை தெரிந்திருக்கும். அதை அவருக்குச் சொல்லப் போவது நீயா நானா என்பதுதான் மிச்சம். அந்த ஒன்றுக்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

உன் தொழிலை நான் ஒருபோதும் தாழ்வாக நினைத்ததில்லை. பொறியியல் முடித்துவிட்டு, குயிலாப்பாளையத்தில் வீடு காலி செய்து கொடுக்கும் குழு ஒன்றில் நீ சேர்ந்தபோது, படித்த பிள்ளை தட்டுமுட்டுச் சாமான் தூக்கப் போய்விட்டானே என்று உறவில் சிலர் என் காதுபடவே பேசினார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை உன்னைப் பார்க்க வந்தேன். ஊருக்குத் திரும்பிப் போகும் யாரோ ஒரு வெளிநாட்டுப் பெண்மணியின் வீட்டுச் சாமான்கள் ஒரு கீற்றுக் கொட்டகை முழுக்கப் பரப்பிக் கிடந்தன. நீ தரையில் உட்கார்ந்து ஒரு நாற்காலியைப் பிரித்துக்கொண்டிருந்தாய். திருகாணிகள் ஒரு டப்பாவில், மரச்சட்டங்கள் ஒரு பக்கம், துணி ஒரு பக்கம், துணிக்குள் இருந்த தென்னை நார் இன்னொரு பக்கம். நான் நின்று பார்ப்பதைக் கண்டு நிமிர்ந்து சொன்னாய்: “தூக்கிப் போடறதுன்னு ஒண்ணு கெடையவே கெடையாதுப்பா. ஒரு எடத்துலேர்ந்து எடுத்து இன்னொரு எடத்துல வெக்கறோம், அவ்ளோதான். அந்த இன்னொரு எடம் எதுன்னு பார்க்கறதுதான் வேலை.” பொருள் அழிவதில்லை என்ற விதியை நான் எத்தனையோ மாணவர்களுக்குக் கரும்பலகையில் எழுதிக் காட்டியிருக்கிறேன். அதை இவ்வளவு எளிதாக எனக்கு யாரும் திருப்பிச் சொன்னதில்லை. மறுநாள் வகுப்பில் உன் வாக்கியத்தை அப்படியே சொன்னேன். யார் சொன்னது என்று மட்டும் சொல்லவில்லை. பெருமையை மறைத்துக்கொள்வது என் பழக்கம்.

பிறகு திண்டிவனம் புறவழிச்சாலையில் நீயே ஒரு கொட்டகை போட்டாய். இரும்பும் பித்தளையும் காயலான் கடைக்குப் போயின. இலவம்பஞ்சு மெத்தைகளைப் பிரித்து, பஞ்சை வெயிலில் உலர்த்தி அடித்து, புது உறையில் தைப்பதற்கு இருவரை அமர்த்தினாய். புத்தகங்கள் பள்ளிகளுக்குப் போயின. காலி செய்த வீட்டாருக்கு ஒரு சான்றிதழ் கொடுக்க வேண்டும், நல்ல தமிழில் எழுதிக் கொடுங்கள் என்று என்னிடம் வந்தாய். நான்தான் எழுதினேன்: இவ்வில்லத்திலிருந்து பெறப்பட்ட பொருட்கள் அனைத்தும் எவருக்கும் தீங்கின்றி உரிய முறையில் அகற்றப்பட்டன. அந்த வாக்கியம் எனக்கு எங்கிருந்து கிடைத்தது என்று நீ கேட்கவில்லை. கேட்டிருந்தால் அன்று பொய் சொல்லியிருப்பேன். இந்தக் கடிதத்தில் உண்மையைச் சொல்கிறேன், சற்றுப் பொறு.

அடுத்த தெருவில் குடியிருந்த எங்கள் கல்லூரித் தமிழ்ப் பேராசிரியரை உனக்குத் தெரியும். சிறு வயதில் அவரை ‘புக் அங்கிள்’ என்று அழைப்பாய். பக்கவாதம் வந்து இரண்டு ஆண்டுகள் அவர் படுக்கையில் இருந்தார். நீல நிற ரெக்சின் உறை போட்ட ஸ்பாஞ்சு மெத்தை. வாரந்தோறும் நான் போய் அதன் கால்மாட்டில் உட்கார்ந்து அவரோடு பேசிக்கொண்டிருப்பேன். அவருடைய ஓய்வூதியத்துக்கான வாழ்நாள் சான்றிதழை அந்த மெத்தையின் மேல் வைத்துத்தான் நிரப்பினேன். என் பேனா கசிந்து, ஓரத்தில் ஒரு மாங்கொட்டை அளவுக்கு மை ஊறிவிட்டது. நான் துடைக்கத் துடைக்கப் பரவியது. “விடுங்க சார், நான் இருந்ததுக்கு ஒரு சான்று இருக்கட்டும்” என்று கோணிய வாயால் சிரித்தார். அதற்கு அடுத்த மாதம் இறந்துபோனார். அவர் மனைவி கோயம்புத்தூரில் மகளோடு போய் இருப்பது என்று முடிவானது. வீட்டைக் காலி செய்ய யாரை அழைப்பது என்று என்னைக் கேட்டார்கள். உன் எண்ணைக் கொடுத்தேன்.

ஒரே நாளில் உன் ஆட்கள் வேலையை முடித்தார்கள் என்றும், தரையைக்கூடப் பெருக்கிவிட்டுப் போனார்கள் என்றும் அந்த அம்மையார் சொன்னார்கள். ஊருக்குக் கிளம்பும் முன் நான் பார்க்கப் போனபோது, உன் சான்றிதழைக் கண்ணாடித்தாள் ஒட்டிப் பத்திரப்படுத்தி, கணவரின் படத்தோடு சேர்த்துத் துணியில் சுற்றிக்கொண்டிருந்தார்கள். “அவரு ஒரு குண்டூசியைக்கூட வீணாக்க மாட்டாரு சார். உங்க பையனும் அப்படியே பண்ணிக் குடுத்துட்டாப்ல. எனக்கு மனசு ஆறிப் போச்சு” என்றார்கள். நானும் மனம் நிறைந்துதான் வீடு திரும்பினேன்.

உன் அழைப்பிதழ் வந்ததும் முதலில் என் அக்காவுக்குத்தான் வைக்க வேண்டும் என்று தோன்றியது. வெற்றிலை பாக்கு, பழத்தோடு பிரம்மதேசம் சாலையில் பேருந்து ஏறி நம் ஊருக்குப் போனேன். ஏரிக்கரையில் இறங்கி, ஊர்த் தெருக்களைச் சுற்றிக்கொண்டு காலனிக்கு நடந்தேன். வாசலில் இரண்டு ஆடுகளுக்குத் தழை போட்டுக்கொண்டிருந்த உன் அத்தை என்னைக் கண்டதும் கையை உதறிவிட்டு எழுந்தார்.

“வாடா வாத்தியாரே. இன்னா, வழி தெரிஞ்சிதா? உள்ள வா. ஐய, தரையில குந்தாத. மேல உக்காரு. மெத்த இருக்குது பாரு.”

உள்ளே நான்கு செங்கல் அடுக்கின் மேல் பலகை, பலகையின் மேல் மெத்தை. அதன் மேல் அவருடைய கல்யாணப் புடவைகளில் ஒன்றை விரித்திருந்தார்.

“ஏதுக்கா இது?” என்றேன்.

“ஏதுவா? உம்புள்ள அனுப்பனதுடா. ஒனக்கே தெரியாதா? ஒன்கிட்ட சொல்லலியா அவன்? வண்டி வந்துது. எதுர் வூட்டுப் பொண்ணு காலேஜி படிக்குதே, அதான் பேரப் படிச்சிச் சொல்லுச்சி. அடியே, அது எம்மருமவன் வண்டிடீன்னேன். ஓடிப்போய்ப் பார்த்தா ரெண்டு ஆளு பள்ளத்தாண்ட எறக்கிக்கினு இருந்தாங்க. இந்தச் சந்துக்குள்ள வண்டி வராதில்ல, அதான் அங்கியே எறக்கறாங்கன்னு வெச்சிக்கினேன். பாவம், வேர்த்து ஊத்திக்கினு இருந்தாங்க. டீ போட்டு எடுத்துக்கினு போய்க் குடுத்தேன். நல்ல மனுசங்க. குடிச்சிட்டு ஒண்ணுமே பேசாம போய்ட்டாங்க.”

அவர் பேசிக்கொண்டே அடுப்பைப் பற்ற வைத்தார்.

“தெருவே வந்து தூக்கியாந்துச்சி. நாலு பேரு புடிச்சோம் இத. பிளாஸ்டிக்கு நாக்காலி ரெண்டு ஒடைஞ்சது, அத எதுர் வூட்டுக்குக் குடுத்தேன், கம்பி கட்டி வெச்சிக்கினாங்க. எல்லாம் சரி, ஆனா உம்புள்ளைக்கு அறிவு பத்தாதுடா. ஒரு போன் பண்ணக் கூடாது? அத்த, சாமான் வருது, ஜல்தி போய் எடுத்துக்கன்னு. மழ வந்திருந்தா அல்லாம் நனஞ்சி பூடாது? ஒன்ன மாதிரியே இருக்கறான், குடுக்கறதயும் சொல்லாம குடுக்கறான்.”

“படுக்க வசதியா இருக்குதா?” என்று மட்டும் கேட்டேன்.

“இந்த வயசுல மெத்தடா. ஒங்க மாமா இருந்திருந்தா எடம் பத்தலன்னு பேஜாரு பண்ணியிருப்பாரு. இப்ப நான் ஒருத்தியா உருள்றேன்.” சிரித்துக்கொண்டே டீயை நீட்டினார். வாங்கி உட்கார்ந்தேன். புடவை விலகியிருந்த இடத்தில், ஓரமாக, மாங்கொட்டை அளவுக்கு நீல மை.

இது ஏன் சாதாரணத் தவறு இல்லை என்பதை உனக்கு நான் சொல்லித்தான் ஆக வேண்டும். நீ வளர்ந்த நாட்களில் நான் சொல்லாமல் விட்ட விஷயம் அது. நம் ஊரில் யாராவது இறந்தால், அவர் கடைசியாகப் படுத்திருந்த பாயையும் தலையணையையும் துணிமணியையும் வீட்டுக்குள் வைத்திருக்க மாட்டார்கள். சுடுகாட்டுப் பாதையில் கொண்டுபோய்ப் போட்டுவிடுவது வழக்கம். ஊருக்குள் இறந்தவர்களின் படுக்கையும் அப்படியே வரும். சுடுகாட்டுப் பாதை எங்கள் தெருவை ஒட்டிப் போகிறது, அதன் ஓரத்தில்தான் அந்தப் பள்ளம். சுமந்து வந்து போடுகிற வேலை எங்கள் தெரு ஆண்களுடையது. உன் தாத்தா சுமந்திருக்கிறார். பள்ளத்தில் கிடக்கும் பாயைப் பார்த்தே ஊரில் இறந்தவர் வசதியானவரா இல்லாதவரா என்று சொல்லிவிடுவோம். பிள்ளைகளாகிய எங்களுக்கு அது ஒரு விளையாட்டு.

அக்காவுக்குப் பன்னிரண்டு வயது இருக்கும்போது, ஓரத்தில் சிவப்பு நூலால் பூ தைத்த ஒரு தலையணை அந்தப் பள்ளத்தில் கிடந்தது. புதிது. தலையணை என்று ஒன்றை எங்கள் வீடு அதுவரை கண்டதில்லை. அக்கா அதை எடுத்துவந்து துவைத்து, வெயிலில் காய வைத்துக்கொண்டிருந்தார். வேலையிலிருந்து வந்த உன் தாத்தா அடிக்கவில்லை. காய்ந்ததும் காயாததுமாக அதை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, மறுபடி பள்ளத்துக்கே நடந்தார். திரும்பி வந்து அக்காவிடம் சொன்னது எனக்கு நினைவிருக்கிறது: “சொமக்கறது நம்ம கையில இல்லம்மா. வூட்டுக்குள்ள வெக்கறதும் வெக்காததும் நம்ம கையிலதான் இருக்குது.” அதன் பிறகு அந்தப் பள்ளத்திலிருந்து ஒரு துரும்பும் எங்கள் வீட்டுக்குள் வந்ததில்லை. கணவர் வேலையில்லாமல் இருந்த ஆண்டுகளிலும், கூரை ஒழுகிய மழைக்காலங்களிலும், உன் அத்தை அங்கிருந்து ஒரு பலகைகூட எடுத்ததில்லை. அவருக்குச் சொத்து என்று இருப்பது அந்த ஒரு பிடிவாதம்தான். ஐம்பது ஆண்டுகள் காத்துவந்ததை, வண்டியில் உன் நிறுவனத்தின் பெயர் இருந்ததால், எம்மருமவன் வண்டி என்று நம்பியதால், அவர் தாமாகவே போய் முறித்துக்கொண்டார். இதை அவர் இன்னும் அறியவில்லை. நேற்று இரவும் அந்த மெத்தையில்தான் படுத்திருப்பார்.

விடைபெற்று வந்து பள்ளத்தில் இறங்கினேன். மாத்திரை அட்டைகள், சிறுநீர் பிடிக்கும் பைகள், உடைந்த டியூப்லைட்டுகள், தெர்மாகோல், ஈரத்தில் உப்பிப்போன பலகை அலமாரியின் கதவுகள். ஒரு மூலையில் ஒயர்களைக் கொளுத்தித் தாமிரத்தை எடுத்திருந்த கருப்பு வட்டம். அதற்குப் பக்கத்தில் என் அக்காவின் ஆடு ஒன்று மேய்ந்துகொண்டிருந்தது. எங்கள் கல்லூரி ஆசிரியர்கள் சேர்ந்து எடுத்துக்கொண்ட படமும் கிடந்தது. தேக்குச் சட்டத்தைக் கழற்றிக்கொண்டு படத்தை விட்டிருந்தார்கள். அதில் அந்தத் தமிழ்ப் பேராசிரியர் நடுவில் உட்கார்ந்திருக்கிறார், நான் பின்வரிசையில் நிற்கிறேன். அதைத் துடைத்து எடுத்து வந்திருக்கிறேன். உன்னிடம் காட்டுவதற்காக மேசையில் வைத்திருக்கிறேன்.

அன்று மாலை உன்னைத் தொலைபேசியில் அழைத்தேன். நீ மறுக்கவில்லை, அதை உன் கணக்கில் நன்மையாக எழுதிக்கொள்கிறேன். “அப்பா, டென்ஷன் ஆகாதீங்க. எல்லாத்தையும் அங்க போடறதில்லப்பா. எவனும் எடுக்காத அயிட்டம் கொஞ்சம் மிஞ்சும். ஸ்பாஞ்சு, ரெக்சின், மெடிக்கல் வேஸ்ட்டு. அத வெச்சிக்கினு நான் இன்னாதான் பண்றது? ஏற்கெனவே குப்ப கொட்ற எடம்தாம்ப்பா அது. எல்லாருந்தான் அங்க கொட்டிக்கினு இருக்காங்க” என்றாய். அது உன் அத்தை வீட்டுப் பக்கம் என்றேன். பிறகு, “சத்தியமா தெரியாதுப்பா. தெரிஞ்சிருந்தா அங்க போடச் சொல்லியிருக்கவே மாட்டேன்” என்றாய். உன் வருத்தம் உண்மையானது, குரலிலேயே தெரிந்தது. ஆனால் அந்தப் பதில்தான் என்னை இத்தனை நாட்களாகத் தூங்கவிடாமல் வைத்திருக்கிறது. தெரிந்திருந்தால் வேறு யாருடைய அத்தை வீட்டுப் பக்கம் போடச் சொல்லியிருப்பாய்?

இனி என் முறை. இருபத்திரண்டு ஆண்டுகளுக்கு முன்பு எங்கள் கல்லூரியில் பழைய ஆய்வகக் கட்டடத்தை இடிக்க முடிவானபோது, கிடங்கைக் காலி செய்யும் பொறுப்பு எனக்கு வந்தது. உடைந்த வெப்பமானிகள், அவற்றிலிருந்து சிந்திய பாதரசத்தைச் சேர்த்து வைத்த ஒரு சீசா, பெயர்ச்சீட்டு உதிர்ந்த அமிலப் புட்டிகள், எனக்கே என்னவென்று தெரியாத சில பொடிகள். முறையாக அகற்ற வேண்டுமானால் பல இடங்களுக்கு எழுத வேண்டும், மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். முதல்வருக்கு அவசரம். ஒரு டிராக்டர் வந்தது. ஏற்றி முடித்த பிறகு, “எங்க சார் கொட்றது?” என்று ஓட்டி வந்தவர் என்னைக் கேட்டார். “ஊருக்கு வெளிய, ஆபத்தில்லாத எடமா பார்த்துப் போடுங்க” என்றேன். அவர் போன பிறகு பதிவேட்டில் எழுதிக் கையெழுத்திட்டேன்: உரிய முறையில் அகற்றப்பட்டது.

உன் சான்றிதழில் இருக்கும் வாக்கியம் அதுதான். ஊருக்கு வெளியே என்று நான் சொன்னேன். ஊருக்கு வெளியே குடியிருப்பவர்கள் யார் என்று என்னைவிட நன்றாக அறிந்தவர் அந்தக் கல்லூரியில் ஒருவரும் இல்லை. சென்ற வாரம் அந்த டிராக்டர்காரரைத் தேடிப் போனேன். அவர் இறந்து பல ஆண்டுகள் ஆகிவிட்டதாக அவர் மகன் சொன்னார். அந்தச் சீசா எந்த மண்ணில், யாருடைய கிணற்றுக்கு அருகில் இருக்கிறது என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது. இனியும் தெரியப் போவதில்லை. உன் நிலை என் நிலையைவிட மேலானது. உனக்குப் பள்ளம் எதுவென்று தெரியும், அதில் கிடப்பது என்னவென்று தெரியும், மெத்தையில் படுத்திருப்பவர் யார் என்றும் தெரியும்.

இன்னொன்றும் என் தவறுதான். திண்டிவனத்தில் வீடு கட்டிக் குடிவந்த பிறகு, சொந்த ஊர் எது என்று யாராவது கேட்டால் ஊர்ப் பெயரைச் சொல்லி அங்கேயே நிறுத்திக்கொள்வேன். எந்தத் தெரு என்று சொல்லமாட்டேன். ஆடியில் அம்மனுக்குக் கூழ் ஊற்றும்போதுகூட உன்னைக் காலையில் அழைத்துப் போய் மாலைக்குள் திரும்பிவிடுவேன். அத்தையை நம் வீட்டுக்கு வரவழைத்துக் காட்டினேனே தவிர, அத்தை வீட்டில் உன்னை ஒரு நாளும் தங்கவிட்டதில்லை. அந்தப் பள்ளம் எங்கே இருக்கிறது என்று உனக்குத் தெரியாமல் போனதில் என் பங்கு பெரியது. நீ மேலே வர வேண்டும் என்று நினைத்தேன். மேலே வந்தவன் கீழே போடுவதற்கு ஓர் இடம் தேடுவான் என்று நினைக்கவில்லை.

ஆனால் உன் தொழிலைப் பற்றிச் சொல்லாமல் முடித்தால் இது வெறும் வசவாகிவிடும். ஒரு வீட்டைப் பிரிக்கும்போது சில பொருட்களுக்கு உறவினர்களே கை நீட்டுவார்கள். அவர்கள் விட்டதற்குக் காயலான் கடைக்காரர் கை நீட்டுவார். அவரும் விட்டதில் நல்ல துணியும் பாத்திரமும் யாருக்காவது பயன்படும். அவ்வளவும் போன பிறகு, ஒருவரும் கை நீட்டாத ஒரு குவியல் எல்லா வீட்டிலும் மிஞ்சும். முதல் மூன்றையும் எல்லாரும் செய்வார்கள், உன் இலைப்படமும் வாசகமும் இல்லாமலே நம் நாட்டில் காலங்காலமாகச் செய்துகொண்டுதான் இருக்கிறார்கள். நீ புதிதாக ஏதாவது செய்கிறாய் என்றால் அது அந்தக் கடைசிக் குவியலில்தான் தெரிய வேண்டும். அந்தக் குவியலுக்கு நம் மண்ணில் யாரும் வழி கேட்பதில்லை. வண்டி தானாகவே அந்தத் திசையில் திரும்பிவிடும். உன் ஓட்டுநருக்கு நீ இடம் சொல்லிக் கொடுத்திருக்கவே தேவையில்லை.

ஆகவே இனி அந்தக் குவியலை உன் கொட்டகையிலேயே வை. ஸ்பாஞ்சு மெத்தைகள் கூரை வரை அடுக்கிக் கிடக்கட்டும், பார்க்க வருகிறவர்கள் பார்க்கட்டும். இருபது வீட்டு மெத்தைகள் உன் கண்ணெதிரில் கிடந்தால், அவற்றைக் கிழித்து எதற்குள் திணிக்கலாம், யாரிடம் கேட்கலாம், எந்த ஊருக்கு அனுப்பலாம் என்று உன் மூளை தானாகவே தேடத் தொடங்கும். நாற்காலியைப் பிரித்துத் தென்னை நாரைத் தனியே வைத்த மூளைதானே அது. பள்ளம் என்று ஒன்று இருக்கும்வரை அது தேடாது. நோயாளி இருந்த வீட்டுக் கழிவை, மருத்துவக் கழிவை முறையாகக் கையாள்வோரிடம் மட்டுமே கொடு. அதற்கான செலவை வீட்டாரிடம் முதல் நாளே சொல். சான்றிதழில் எது எங்கே போனது என்று இடத்தின் பெயரோடு எழுது. எழுதக் கூசுகிற இடமாக இருந்தால் அங்கே போடாதே. என் வாக்கியத்தை நீக்கிவிடு. அதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

இவையெல்லாம் பிறகு. முதலில் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. வரும் ஞாயிற்றுக்கிழமை காலையில் வண்டியை நீயே ஓட்டிக்கொண்டு வா. ஆட்களை அனுப்பாதே. பள்ளத்தில் கிடப்பதை நீயும் நானும் அள்ளி ஏற்றுவோம், கையுறையும் சாக்கும் நான் கொண்டு வருகிறேன். அதற்கு முன் உன் அத்தை வீட்டுக்குப் போ. புது மெத்தை வாங்கிக்கொண்டு போகாதே. அதைக் கொடுத்துவிட்டால் பேச வேண்டியதில்லை என்று உனக்குத் தோன்றிவிடும். அது மறு வாரம் போகட்டும், அவர் ஏற்றுக்கொண்டால். தெருவுக்கெல்லாம் என் மருமகன் அனுப்பினான் என்று சொல்லி வைத்திருக்கிறார். அந்தத் தெரு முன்னால் அவர் முகம் எப்படி இருக்க வேண்டும் என்பதை அவரே முடிவு செய்யட்டும், நீ யோசனை சொல்லாதே. திட்டினால் கேட்டுக்கொள். திட்டாமல் இருந்தால் அதையும் கேட்டுக்கொள். ஞாயிறு நீ வரவில்லையென்றால் திங்கள் காலை முதல் பேருந்தில் நான் போய்ச் சொல்வேன். விழுப்புரத்துக் கத்தரிக்கோலுக்கு நீ வேறு கையைத் தேடிக்கொள்ள வேண்டியிருக்கும்.

நீ போனதும் அவர் உன்னைத் தரையில் உட்கார விடமாட்டார். மெத்தையைத்தான் காட்டுவார். உட்கார். மை ஊறிய இடம் உன் வலது கைப் பக்கம் இருக்கும். பேசிக்கொண்டே டீ போடுவார், கொண்டுவந்து கையில் கொடுப்பார். உன் ஆட்கள் இருவரும் அதைக் குடித்துவிட்டு ஒன்றும் பேசாமல் போனார்கள். மூன்றாவதாக, எல்லாம் தெரிந்தே, நானும் குடித்துவிட்டு ஒன்றும் பேசாமல் வந்தேன். நீ அந்தத் தம்ளரைக் கீழே வைத்துவிட்டு, குடிப்பதற்கு முன் சொல்.

உன் அப்பா